பினாங்கில் நான்கு வாரம்: இரண்டு பிள்ளைகள், இரண்டு புழு

இந்த முறை பள்ளி விடுமுறைக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கிளம்பி, மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் அம்மா வீட்டில் நான்கு வாரம் இருந்தோம். ஊரில் கிளினிக், லேப், மருந்துக்கடை எல்லாம் எப்படி இருக்கின்றன என்று சின்னப் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிற தோழிகள் எப்போதும் கேட்பார்கள். இந்தத் தடவை மூன்றுக்கும் அலைந்துவிட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

வந்த இரண்டாம் நாளே பத்து பெரிங்கி கடற்கரை. பையன் சாயங்காலம் வரை வெறுங்காலோடு மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தான். நாலைந்து நாள் கழித்துப் பாதத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி, ஒரே அரிப்பு. கொசுக்கடி என்று விட்டுவிட்டோம். அது கோடாக நீண்டபோது பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலைச் சரியாகக் கூடப் பார்க்காமல் படர்தாமரை என்று சொல்லி ஒரு க்ரீம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐந்து நாள் தடவியும் பலன் இல்லை. ஒரு ராத்திரி சந்தேகம் வந்து, கோடு முடிகிற இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் கோடு அந்தப் புள்ளியைத் தாண்டி ஒரு விரல் அகலம் வளைந்து போயிருந்தது. என் பிள்ளையின் தோலுக்கடியில் ஏதோ ஊர்கிறது என்று புரிந்ததும் எனக்குக் கைகால் எல்லாம் நடுங்கிவிட்டது.

படர்தாமரைக்கு ஆங்கிலத்தில் ரிங்வோர்ம் என்று பெயர் இருந்தாலும் அது புழுவே கிடையாது, பூஞ்சை. உண்மையான புழு காலில் நெளிந்துகொண்டிருக்க, நாங்கள் பூஞ்சைக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தோம்.

இதே சமயத்தில் மகளுக்கு ராத்திரியானால் ஆசனவாயில் அரிப்பு, தூக்கமே இல்லை. அம்மா பார்த்ததுமே “கீரிப்பூச்சிடி, வேற ஒண்ணும் இல்ல” என்றார். நான் கேட்காமல் ஒரு லேபுக்குப் போய் மலப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். பணத்தை வாங்கிக்கொண்டு, முட்டை எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். அன்று ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு அம்மா டார்ச் அடித்துக் காட்டினார். வெள்ளை நூல் துண்டு மாதிரி, ஒரு சென்டிமீட்டர் இருக்கும், உயிரோடு நெளிந்தது.

மறுநாள் காலையில் இரண்டு பேரையும் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். ஐசி (மலேசிய அடையாள அட்டை) வைத்திருக்கும் நமக்கு அங்கே ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம். பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். காத்திருக்கத்தான் வேண்டும், எங்களுக்குப் பாதி நாள் போனது. ஆனால் உள்ளே இருந்த தமிழ் டாக்டரம்மா பையன் காலை மடியில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது நாய், பூனையோட கொக்கிப்புழு. எச்சத்துல இருந்து மணலுக்கு வந்து, வெறுங்கால்ல ஏறியிருக்கு” என்றார். மனிதத் தோலைத் தாண்டி உள்ளே போக அதற்கு வழி தெரியாதாம், அதனால்தான் தோலுக்கடியிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது, விட்டால் சில வாரங்களில் தானே செத்துவிடும். ரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை, அந்த வளைந்த கோடே போதும் என்றார். கீறி எடுக்க முடியாதா என்று கேட்டேன். கோடு முடிகிற இடத்துக்கும் முன்னாலேயே புழு போயிருக்கும், கீறினால் புண்தான் மிஞ்சும் என்றார். அல்பெண்டசோல் என்ற புழு மருந்தை மூன்று நாளைக்குக் கொடுத்தார். ஒரு வாரத்தில் கோடு மங்கிவிட்டது.

மகள் விஷயத்தில் அவர் சொன்னதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். நாக்குப்பூச்சி என்று நாம் சொல்லும் நீளமான உருளைப்புழு குடலுக்குள்ளேயே ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை போடும், அது மலப் பரிசோதனையில் சிக்கிவிடும். கீரிப்பூச்சி அப்படி இல்லை. பிள்ளை தூங்கும்போது பெண் புழு வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றித் தோலில் முட்டை போடும், அதனால் மலத்தில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. காலையில் குளிப்பதற்கு முன்னால் ஒளி ஊடுருவும் செலோடேப்பை அந்த இடத்தில் ஒட்டி எடுத்து, கண்ணாடிச் சிலைடில் ஒட்டிக் கொண்டுபோனால் மைக்ராஸ்கோப்பில் முட்டை தெரியும். ஒரு நாள் எடுத்தால் தப்பலாம், மூன்று நாள் தொடர்ந்து எடுத்தால் ஏறக்குறைய 90 சதவீதம் அகப்பட்டுவிடும். இந்த விவரத்தை அந்த லேபில் ஒருவராவது சொல்லியிருக்கலாமே என்று இப்போதும் எனக்கு ஆற்றாமை. நாங்கள் புழுவையே கண்ணால் பார்த்துவிட்டதால் டேப் கூடத் தேவைப்படவில்லை.

அப்புறம் அவர் கேட்டார், “ஊருக்கு வந்து எத்தன நாளாச்சு?” பதினைந்து நாள் என்றேன். முட்டை வயிற்றுக்குள் போய், புழு வளர்ந்து முட்டை போட ஒரு மாதமாவது ஆகும், அப்படியானால் இது பெர்த்திலிருந்தே வந்தது என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது. ஊர்த் தண்ணீர், ஊர்ச் சாப்பாடு என்று கணவர் போனில் குறைப்பட்டுக்கொண்டிருந்தார், நானும் தலையாட்டினேன். கடைசியில் பள்ளிக்கூடத்தில் வாங்கியதை நாங்கள்தான் அம்மா வீட்டுப் படுக்கைக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து எடுக்க வேண்டும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் எடுக்க வேண்டும், ஏனென்றால் மருந்து புழுவைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். பெரியவர்களுக்கான மாத்திரையை மருந்துக்கடையிலேயே வாங்கினோம், அந்தச் சீனப் பையன் பொறுமையாக மலாய்மொழியில் எல்லாம் விளக்கினார். நகத்தை ஒட்ட வெட்டினோம். படுக்கை விரிப்புகளை உதறாமல் சுருட்டிச் சுடுநீரில் போட்டோம், உதறினால் முட்டை பறக்கும்.

அம்மா இதற்கெல்லாம் அசரவில்லை. ரப்பர் தோட்டத்தில் அவர் வளர்ந்த காலத்தில் மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய்தான். வெறுங்காலோடு பால்மரக் காட்டில் நடந்தவர்களுக்கு மனிதக் கொக்கிப்புழு காலில் ஏறிக் குடலுக்குப் போய் ரத்தத்தை உறிஞ்சும். “எங்கம்மா வெளிறிப்போய் படியில உக்காந்தா எந்திரிக்க முடியாது, சோம்பேறின்னு கிராணி திட்டுவாரு” என்றார் அம்மா (கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர்). அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

இரண்டாவது முறை மருந்து போட வேண்டிய நாள் நாங்கள் பெர்த்துக்குத் திரும்பிய பிறகு வந்தது. அன்று காலையில் மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோதே அம்மாவிடமிருந்து போன். “நான் போட்டுட்டேன். மாப்பிள்ளைக்குக் குடுத்தியா?”