லண்டனா, ஹாம்பர்க்கா, நியூயார்க்கா? பழைய மிருகக்காட்சி சாலை கார்டுகளைச் சேர்க்க எந்த ஊர் நல்லது

மிருகக்காட்சி சாலை, மீன் காட்சியகம் இவற்றின் பழைய படத் தபால் கார்டுகளைச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குகிறார்கள். பெர்லின் நீர்யானை ஒன்று, சான் டியேகோ கொரில்லா ஒன்று, எங்கிருந்தோ வந்த ஒட்டகச்சிவிங்கி ஒன்று. பெட்டி நிறைந்துவிடும், ஆனால் ஒரு கார்டுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தம் இருக்காது. ஒரே ஊரைப் பிடித்துக்கொண்டு ஆழமாகப் போனால்தான் கார்டுகள் ஒன்றையொன்று விளக்க ஆரம்பிக்கும். எந்த ஊர் என்பதுதான் கேள்வி. நிறைய கார்டுகள் அச்சாகி, இன்றும் கைக்கு எட்டுகிற மூன்று ஊர்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் என் அளவுகோல் என்ன என்று சொல்லிவிடுகிறேன். விலங்கின் முகம் மட்டும் உள்ள கார்டைவிட, அது இருந்த இடமும் தெரிகிற கார்டுக்கே நான் மதிப்புக் கொடுப்பேன். 1905இல் எடுத்த சிங்கத்தின் முகமும் 1955இல் எடுத்த சிங்கத்தின் முகமும் ஒன்றுதான். கம்பியின் கனம், தரையில் சிமென்டா மண்ணா, வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களின் தொப்பி, குழந்தை எவ்வளவு கிட்டத்தில் கை நீட்டுகிறது என்பவைதான் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. விலங்குகளை மனிதர்கள் எப்படி வைத்திருந்தார்கள், எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்கு இந்த மலிவான அட்டைகளைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். அதனால் அந்தச் சாட்சியத்தை எந்த ஊர்க் கார்டுகள் நன்றாகச் சொல்கின்றன என்றே ஒப்பிடுகிறேன்.

லண்டன்

ரீஜண்ட்ஸ் பூங்காவில் 1828இல் தொடங்கிய இடம். முதலில் அதை நடத்திய விலங்கியல் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு மட்டும், 1847இலிருந்து எல்லோருக்கும். கார்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. உள்நாட்டுக் கார்டுக்கு 1918 வரை அரை பென்னி தபால்தலை போதும் என்பதால் பிரிட்டனில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் கார்டு எழுதினார்கள், ஜூவுக்குப் போனவர்களும் எழுதினார்கள்.

லண்டனின் பலம் பெயர் பெற்ற விலங்குகள். 1949 நவம்பரில் பிறந்த புரூமஸ் என்ற பனிக்கரடிக் குட்டிக்காக மறு வருஷம் சுமார் 30 லட்சம் பேர் வந்தார்கள். தாய் ஐவியும் குட்டியும் சேர்ந்த கார்டுகள் இன்றும் சுலபமாகக் கிடைக்கும். 1947இல் வந்து 1978 வரை இருந்த கை என்ற கொரில்லா, 1958இல் வந்த சீ சீ என்ற பாண்டா, இவர்களுக்கும் அப்படித்தான். ஜூவுக்காகவே படம் எடுத்த எஃப்.டபிள்யூ. பாண்டின் நிஜப் புகைப்படக் கார்டுகள் (அச்சில் ஏற்றாமல் புகைப்படத் தாளிலேயே பிரதி எடுத்தவை) தரத்தில் அருமையானவை.

ஆனால் பலமே பலவீனமாகவும் இருக்கிறது. லண்டன் கார்டுகளில் பெரும்பகுதி முகப் படங்கள். யானை சவாரி, ஒட்டகச் சவாரிக் கார்டுகளைத் தள்ளி வைத்தால், இடத்தைக் காட்டுகிறவை குறைவு. விதிவிலக்கு இரண்டு: 1914இல் திறந்த செயற்கைக் குன்றுகளான மேப்பின் டெரசஸ், 1934இல் கட்டிடக் கலைஞர் லுபெட்கினின் டெக்டன் குழு கட்டிய பென்குவின் குளம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக வளைந்து இறங்கும் அந்த இரண்டு கான்கிரீட் சரிவுகளின் கார்டை வாங்கினால் கட்டிடத்தை உற்றுப் பாருங்கள், அங்கே பென்குவின் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்றும் பாருங்கள். கட்டிடக்கலைக்குப் பேர் போன அந்தக் குளத்தில் 2004க்குப் பிறகு பென்குவின்கள் இல்லை.

இன்னொரு விஷயம். லண்டன் ஜூவில் புகழ்பெற்றிருந்த ஜம்போ யானையை 1882இலேயே அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னமுக்கு விற்றுவிட்டார்கள். தனியார் அச்சடித்த கார்டுகளில் தபால்தலை ஒட்டி அனுப்ப பிரிட்டிஷ் தபால் துறை 1894இல்தான் அனுமதித்தது. ஆக, ஜம்போ லண்டனில் இருந்த காலத்துக் கார்டு என்று யாராவது விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

நியூயார்க்

இங்கே உண்மையில் இரண்டு சேகரிப்புகள் இருக்கின்றன. ஒன்று 1899 நவம்பரில் திறந்த பிராங்க்ஸ் ஜூ. அதை நடத்திய சங்கத்தின் சொந்தப் புகைப்படக்காரர் எல்வின் சான்பார்ன் எடுத்த படங்கள் கார்டுகளாக வந்தன. ஒழுங்கானவை, தெளிவானவை, ஆனால் அவற்றிலும் பல அட்டவணைப் படம் மாதிரி: விலங்கு பக்கவாட்டில் நிற்கும், கீழே பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

மற்றது பேட்டரி பூங்காவின் மீன் காட்சியகம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். காரணம், இது முடிந்துபோன கதை. 1896இல் திறந்தது, 1941இல் மூடினார்கள். அந்த 45 வருஷத்துக்கு வெளியே தேட வேண்டியதே இல்லை. கட்டிடம் வேறு சாதாரணமானதல்ல: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீரங்கி வைக்கக் கட்டிய வட்டக் கோட்டை, பிறகு கச்சேரி மண்டபம், 1855 முதல் 1890 வரை குடியேறிகளைப் பதிவு செய்த இடம், அப்புறம்தான் மீன்கள். அனுமதி இலவசம். அதனால் ஊர் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் உள்ளே போனார்கள், எல்லோரும் கார்டு போட்டார்கள். உட்புறக் கார்டுகளில் நடுவே வட்டக் குளங்கள், சுற்றிலும் இரண்டு அடுக்கில் தொட்டிகள், நடுவில் நடமாடும் கூட்டம் எல்லாம் தெரியும். என் அளவுகோலுக்கு இவை நன்றாகவே நிற்கின்றன.

வண்ணத்தை மட்டும் நம்பக் கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அச்சகத்தில் நிறம் சேர்த்தார்கள். 1909க்கு முன் அமெரிக்கக் கார்டுகளில் ஏராளமானவை ஜெர்மனியில் அச்சானவை. அந்த மீனைக் கண்ணால் பார்த்திராத அச்சுக்காரர் போட்ட நீலமும் மஞ்சளும்தான் நாம் பார்ப்பது.

காலம் கண்டுபிடிப்பதிலும் நியூயார்க் மற்ற இரண்டையும்விட வசதி. பின்பக்கத்தில் 'பிரைவேட் மெயிலிங் கார்டு' என்று அச்சிட்டிருந்தால் அது 1898க்கும் 1901க்கும் இடையில் உள்ள வகை. 1907 மார்ச் 1க்கு முன் பின்பக்கத்தில் முகவரி மட்டுமே எழுதலாம். அதனால்தான் அந்தக் காலத்துக் கார்டுகளில் கரடியின் தலைக்கு மேலேயும் மீன் தொட்டியின் ஓரத்திலும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார்கள். 1930களில் துணி நெசவு போன்ற மேற்பரப்புள்ள 'லினன்' கார்டுகள் வருகின்றன. சிகாகோவின் கர்ட் டைக் நிறுவனம் அச்சிட்ட லினன் கார்டானால் எண்ணைப் பாருங்கள்: 9ஏ என்று தொடங்கினால் 1939, 1பி என்றால் 1941. பேட்டரி பூங்கா மீன் காட்சியகம் மூடிய வருஷமே 1941 என்பதால், அந்த எண்ணோடு ஒரு மீன் காட்சியகக் கார்டு கிடைத்தால் அது கடைசிக் காலத்தது.

ஹாம்பர்க்

என் தேர்வு இதுதான். காரணம் ஒரே ஓர் இடம்: ஹாம்பர்க்கை ஒட்டிய ஸ்டெல்லிங்கனில் 1907 மே 7 அன்று விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக் திறந்த விலங்குப் பூங்கா. கம்பிகளை எடுத்துவிட்டு அகழிகளை வைத்தவர் அவர். அந்தக் காட்சி அமைப்புக்கு 1896லேயே காப்புரிமையும் வாங்கியிருந்தார்.

ஆர்க்டிக் காட்சியின் கார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் தண்ணீரில் கடல்நாய்கள். அதற்குப் பின்னால் மேட்டில் பனிமான்கள். அதற்கும் பின்னால், பாறை உச்சியில் பனிக்கரடிகள். கரடி நாலு எட்டு வைத்தால் மானைப் பிடித்துவிடும் போலத் தெரியும். நடுவில் எந்தத் தடுப்பும் கண்ணுக்குப் படாது. அகழிகள் இருக்கின்றன, ஆனால் பார்வையாளர் நிற்கும் இடத்தின் உயரத்துக்கு மறைவாக வெட்டப்பட்டவை. புகைப்படக்காரரும் கேமராவை அதே இடத்தில்தான் வைத்தார். அதனால் கார்டு வெறும் நினைவுப் பொருளாக நிற்காமல், ஹாகன்பெக் எதை நம்ப வைக்க நினைத்தாரோ அதையே நம் கையில் கொடுக்கிறது. இதே காட்சியைப் பக்கவாட்டிலிருந்தோ உயரத்திலிருந்தோ எடுத்த படம் சிக்கினால் விடாதீர்கள். அகழியின் விளிம்பு, பாறையின் வெட்டு, நடைபாதை எல்லாம் வெளியே வந்துவிடும். அந்த இரண்டு கார்டுகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் உள்ள ருசி லண்டன் கொரில்லா முகங்கள் எத்தனை சேர்த்தாலும் வராது.

மற்ற இரண்டு ஊர்களின் நல்ல கார்டுகளும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கின்றன. லண்டனின் மேப்பின் டெரசஸ் ஹாகன்பெக் வழியில் கட்டியது. பிராங்க்ஸில் 1941இல் திறந்த ஆப்பிரிக்கச் சமவெளி, சிங்கத்தையும் அதன் இரையையும் அகழியால் பிரித்து ஒரே பார்வைக்குள் வைத்தது, அதுவும் அதே யோசனை. ஹாம்பர்க்கைச் சேர்த்துக்கொண்டு போனால் மற்ற இரண்டையும் கிளைகளாக வைத்துக்கொள்ளலாம். மாற்றிப் போட்டால் அப்படி அமையாது.

காலக் கணக்கிலும் ஒரு வசதி. ஜெர்மனியில் பின்பக்கத்தை முகவரிக்கும் செய்திக்குமாகக் கோடு போட்டுப் பிரிக்க 1905இல் அனுமதித்தார்கள். ஸ்டெல்லிங்கன் திறந்ததோ அதற்கு இரண்டு வருஷம் கழித்து. ஆகவே கோடு இல்லாத பின்பக்கத்தோடு ஹாகன்பெக் பெயரில் ஒரு கார்டு வந்தால், அது பெரும்பாலும் நகருக்குள் நொயர் பெர்டெமார்க்டில் இருந்த அவருடைய பழைய இடத்துக்கோ, ஊர் ஊராகப் போன காட்சிகளுக்கோ சேர்ந்தது. பழைய இடத்தையும் புதிய இடத்தையும் பின்பக்கத்தை வைத்தே ஓரளவுக்குப் பிரித்துவிடலாம். 1943 ஜூலை குண்டுவீச்சில் பூங்காவின் பெரும்பகுதி அழிந்தது, அதனால் போருக்கு முந்தைய கார்டு, பிந்தைய கார்டு என்ற பிரிவும் தானாக அமைந்துவிடுகிறது.

நமக்கு இதில் ஒரு கிளைக் கதையும் உண்டு. கார்லின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி ஜான் ஹாகன்பெக் கொழும்பில் குடியேறி விலங்கு வியாபாரம் செய்தவர். கப்பலேற்றுவதற்கு முன் விலங்குகளை வைத்திருக்க அவர் ஏற்படுத்திய இடம்தான் பின்னால் அரசாங்கத்தின் கைக்கு வந்து தெஹிவளை மிருகக்காட்சி சாலை ஆயிற்று. தெஹிவளையின் யானை நடனக் கார்டுகளை ஹாம்பர்க் ஆல்பத்தின் கடைசிப் பக்கங்களில் வைப்பது முழுக்க நியாயம்.

மனிதர்கள் உள்ள கார்டுகள்

ஹாம்பர்க்கைத் தேர்ந்தெடுத்தால் இதைத் தவிர்க்க முடியாது. ஹாகன்பெக் விலங்குகளோடு மனிதர்களையும் காட்டினார். 1874இல் வட ஐரோப்பாவின் சாமி என்ற பழங்குடி மக்களில் ஆரம்பித்தார். 1880களில் சிலோனிலிருந்து ஆட்களையும் யானைகளையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில் நிறுத்தினார். ஸ்டெல்லிங்கனில் 1910இல் அமெரிக்கப் பூர்வகுடிகளான சூ இனத்தவர் வந்தார்கள். இப்படிப்பட்ட காட்சிகளுக்குக் கார்டுகள் அச்சாகி விற்றன, இன்றும் விற்கின்றன. நியூயார்க்கும் சுத்தமில்லை: 1906இல் பிராங்க்ஸில் ஓட்டா பெங்கா என்ற காங்கோ இளைஞரைக் குரங்குக் கூடத்தில் வைத்துக் காட்டினார்கள். அந்த ஜூவை நடத்தும் சங்கம் அதற்கு மன்னிப்புக் கேட்டது 2020இல்.

இந்தக் கார்டுகளை வாங்காமல் ஒதுங்கிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒதுங்கினால் பூங்காவின் வரலாறு அழகான பாறைகளோடு முடிந்துவிடும். ஆனால் விலங்குக் கார்டுகளுக்கு நடுவே இவற்றைச் செருகக் கூடாது. தனி ஆல்பம், ஒவ்வொன்றுக்கும் எந்த வருஷம், எந்த மக்கள், பெயர் தெரிந்தால் பெயர் என்று ஒரு சீட்டு. அதைச் செய்ய நேரமில்லாதவர் வாங்காமல் இருப்பதே மரியாதை.

வாங்கும்போது

நிஜப் புகைப்படமா, அச்சா என்று தெரியாமல் காசு கொடுக்காதீர்கள். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தால் அச்சுக் கார்டில் பெரும்பாலும் புள்ளிகள் தெரியும், புகைப்படத்தில் நிழல் தொடர்ச்சியாக இருக்கும். பழைய புகைப்படக் கார்டைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால் கருமையான பகுதிகளின் ஓரத்தில் வெள்ளி மினுமினுப்புத் தெரிவதும் உண்டு. கூண்டையும் அகழியையும் படிக்க நினைக்கிறவருக்குப் புகைப்படம்தான் உதவும். லினன் கார்டில் நெசவு எல்லா நுணுக்கத்தையும் விழுங்கிவிடும். வேண்டாத மரத்தையும் ஆளையும் வரைகலைஞர் துடைத்திருக்கவும் கூடும்.

எழுதி அனுப்பிய கார்டா, புதுசா என்றால் நான் எழுதியதையே எடுப்பேன். முத்திரையில் தேதி கிடைக்கிறது, 'இன்று கரடிக்கு ரொட்டி போட்டோம்' என்பது போல ஒரு வரியும் கிடைக்கலாம். ஓரம் மடங்கியிருந்தாலும் பரவாயில்லை. நம்ம ஊர் ஈரத்துக்கு பிவிசி உறை ஆகாது, பாலியெஸ்டர் உறை போதும், ஒட்டும் பக்கங்கள் உள்ள போட்டோ ஆல்பம் வேண்டவே வேண்டாம்.

ஈபே, டெல்காம்ப் ஆகிய விற்பனை இணையதளங்களில் தேடும்போது 'ஹாம்பர்க் ஜூ' என்று போட்டால் பாதிக் கார்டுகள் தப்பிவிடும், ஸ்டெல்லிங்கன் என்று ஊர்ப் பெயரைப் போடுங்கள். நியூயார்க் மீன் காட்சியகத்தைப் பல விற்பனையாளர்கள் பேட்டரி பூங்கா என்றே போடுவார்கள். விலைப்பட்டியலில் 'கட்டிடங்கள்' பிரிவில் கிடக்கும் கார்டுகளையும் ஒரு தடவை புரட்டுங்கள், யானை வீடும் குரங்கு வீடும் அங்கேதான் மலிவாகக் கிடைக்கும்.