இ.ஜி.ஆர். வால்வு: கழுவுவதா, மாற்றுவதா, அடைப்பதா?

போன மாதம் ஏற்காடு ஏறும்போது எட்டாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி திணறிவிட்டது. இரண்டாவது கியரில் முழுக்க மிதித்தும் இழுவை இல்லை. பின்னால் பைக்கில் வந்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓரம் ஒதுங்கினார், அவ்வளவு கரும்புகை. டாஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி 2015 மாடல் டீசல், 94,000 கிலோமீட்டர் ஓடியது. மறுநாள் சேலத்தில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தபோது இ.ஜி.ஆர். வால்வு (இன்ஜின் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடும் வால்வு) பாதி திறந்தபடி சிக்கிக் கிடப்பது தெரிந்தது.

அப்புறம் மூன்று பட்டறை ஏறி இறங்கினேன், மூன்று யோசனை கிடைத்தது. ஒருவர் கழற்றிக் கழுவலாம் என்றார். இன்னொருவர் புதுசு போடச் சொல்லி 14,500 ரூபாய் சொன்னார். மூன்றாமவர், “அண்ணா, எதுக்குங்க வீண் செலவு? ஒரு பிளேட்டு வெட்டிப் போட்டு அந்தப் புகை வழியை அடைச்சு விட்டுர்றேன். ஏற்காடு ரோட்டுல சும்மா பறக்கும் பாருங்க” என்றார். நம் ஊரில் அடிக்கடி காதில் விழுவது இந்த மூன்றாவது யோசனைதான். எனக்கும் முதலில் சரியென்றே பட்டது. அதனால் அதைத்தான் அதிகம் விசாரித்தேன்.

இந்த வால்வின் வேலை, சைலன்ஸர் பக்கம் போகிற புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது. அந்தப் புகையில் ஆக்ஸிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். அது உள்ளே கலந்தால் எரியும் சூடு தணிகிறது. சூடு மிஞ்சினால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகளாகிவிடும். பிஎஸ் என்பது பாரத் ஸ்டேஜ், வண்டிப் புகைக்கான அரசு விதி. பிஎஸ்4 டீசல் காருக்கு இந்த ஆக்ஸைடுகளின் வரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராம், பிஎஸ்6-க்கு 0.08 கிராம். அந்த வரம்புக்குள் நிற்க வைப்பதில் இந்த வால்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிளேட் போடச் சொல்பவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. நல்ல நிலையில் இருக்கும் வால்வு எல்லா நேரமும் திறந்திருக்காது. மெதுவாக, பாரமில்லாமல் ஓடும்போதுதான் அது அதிகம் திறக்கும். மேடு ஏற முழுக்க மிதித்தால் இன்ஜினுக்குச் சுத்தமான காற்று வேண்டும் என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரே அதை மூடிவிடும். அப்படியென்றால் ஏற்காடு ஏற்றத்தில் ஒழுங்கான வால்வு உங்கள் இழுவையைத் திருடவில்லை, திருடுவது சிக்கிய வால்வு. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ அதை ஈடுகட்டப் பார்க்கிற நேரத்தில் மூடாத வால்வு வழியாகப் புகையும் நுழைந்தால் டீசல் எரியக் காற்று போதாது. எரியாத டீசல்தான் கரும்புகையாக வெளியே வருகிறது. பிளேட் போட்டதும் “பிக்கப் வந்துருச்சு” என்று சொல்வது பொய்யில்லை. ஆனால் அதே பிக்கப் வால்வைக் கழுவி மாட்டினாலும் வந்துவிடும்.

பிளேட்டின் மறுபக்கமும் இருக்கிறது. நிறைய வண்டிகளில் புகை ஓட்டம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்து பி0401 என்ற பிழைக் குறியீட்டை (மெக்கானிக்குகள் சொல்லும் ‘கோடு’) பதியும், விளக்கு எரியும். சில வண்டிகள் லிம்ப் மோடு என்ற பாதுகாப்பு நிலைக்குப் போய் வேகத்தையே அடக்கிவிடும். அதை ஏமாற்ற நடுவில் சின்ன ஓட்டை போட்ட பிளேட், அதற்கும் அடங்கவில்லை என்றால் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) என்று செலவு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். பிஎஸ்6 வண்டியில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி), புகையில் யூரியா தெளிக்கும் அமைப்பு எல்லாம் ஒன்றை நம்பி ஒன்று வேலை செய்வதால் அங்கே இதை நினைத்தே பார்க்காதீர்கள். “பொல்யூஷன் சர்டிபிகேட் கிடைச்சுருங்க” என்பார்கள். கிடைக்கும்தான், டீசல் வண்டிக்கு அந்தச் சோதனையில் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும். நைட்ரஜன் ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரியாது, அதை அங்கே அளப்பதும் இல்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியைத் தயாரித்த நிலையிலிருந்து இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

சட்டத்தை விடுங்கள். சேலம் மலைகளுக்கு நடுவே உள்ள ஊர். வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. இங்கே வெயிலுக்கும் பஞ்சமில்லை. வெயிலில் இந்த ஆக்ஸைடுகள் வினைபுரிந்துதான் தரைமட்ட ஓசோன் உண்டாகிறது, மூச்சுத்திணறல் உள்ளவர்களை அது நேரடியாகப் படுத்தும். காலை எட்டரை மணிக்கு அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் பள்ளிப் பிள்ளைகளோடு நிற்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் பெண்ணையும் நான் அந்த வழியாகத்தான் கூட்டிப்போகிறேன். பிளேட் வேண்டாம் என்று முடிவு செய்ய எனக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

சரி, கழுவும் யோசனைக்கு வருவோம். அதற்கு முன்னால் குற்றவாளி வால்வுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டர்போ ஹோஸில் கீறல், அடைத்த ஏர் ஃபில்டர், அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சார் மூன்றும் இதே கரும்புகையையும் இதே திணறலையும் காட்டும். ஸ்கேனரில் வால்வைத் திறக்கச் சொல்லி, கம்ப்யூட்டர் கேட்ட நிலையும் வால்வு நின்ற நிலையும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். வால்வு திறந்தால் உள்ளே வரும் காற்றின் அளவு குறைய வேண்டும். குறையவில்லை என்றால் வழி அடைத்திருக்கிறது. கோடு வந்த உடனே வால்வு வாங்குவது அவசரம்.

என் வண்டியில் கழற்றியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கட்டைவிரல் நுழைய வேண்டிய வழியில் ஒரு பென்சில்தான் நுழைந்தது. உள்ளே இருந்தது உலர்ந்த கரி மட்டுமில்லை. கண்மையை விளக்கெண்ணெயில் குழைத்துக் காயவைத்த மாதிரி ஒரு பிசின். புகைக்கரியோடு இன்ஜின் ஆயில் ஆவியும் சேர்ந்தால் அப்படித்தான் இறுகும். மெக்கானிக் மரக்குச்சியால் பெரிய கட்டிகளைப் பெயர்த்து, கிளீனர் அடித்து ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். மோட்டார் இருக்கும் பக்கத்தை மேலே தூக்கியே பிடித்திருந்தார், திரவம் இறங்கினால் எலெக்ட்ரானிக்ஸ் போய்விடும். “ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பவே கூடாதுங்கண்ணா, உள்ள பிளாஸ்டிக் பல்லு உடைஞ்சுரும்” என்றார். அவருக்குப் பதிமூன்று பதினாலு வருட அனுபவம். ஒன்றரை மணி நேரத்தில் வால்வு விரலால் அழுத்தியதும் உள்ளே போய், விட்டதும் டக்கென்று திரும்பியது.

கேஸ்கெட் புதிது போட்டு, ஸ்கேனரில் வால்வின் நிலையைத் திரும்பக் கற்றுக்கொடுத்து, எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் ஆனது. அந்தக் கடைசி வேலையைப் பல பட்டறைகளில் விட்டுவிடுகிறார்கள், பிறகு “கழுவியும் சரியாகலை” என்ற பேச்சு வரும். இன்டேக் மேனிஃபோல்டிலும் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த்தொகுதி) கரி இருந்தால் அதையும் சேர்த்தே கழற்றச் சொல்லுங்கள். கூலி கூடும், ஆனால் அங்கே கரியை விட்டுவைத்து வால்வை மட்டும் கழுவுவது அரைவேலை.

கழுவிப் பயனில்லாத இடங்களும் உண்டு. பல் உடைந்திருந்தால், மோட்டார் எரிந்திருந்தால், நிலை காட்டும் சென்சார் கெட்டிருந்தால் புதுசு வாங்குவதுதான் வழி. பி0403, பி0405 போன்ற கோடுகள் மின்சாரப் பக்கத்தைக் காட்டுபவை. அப்போதும் முதலில் ஒயரையும் பிளக்கையும் பார்த்துவிட வேண்டும், மலைவண்டியில் அதிர்வால் பிளக்கின் ஊசி தளர்வது உண்டு. புதுசு வாங்கினால் கம்பெனி பாகமோ அந்தப் பாகத்தைக் கம்பெனிக்கே செய்துகொடுப்பவரின் பாகமோ வாங்குங்கள். கண்டம் வண்டியில் கழற்றிய பழைய வால்வு மூன்றில் ஒரு விலைக்குக் கிடைக்கும், ஆனால் அடுத்தவர் வண்டிக் கரியையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே போய், வெள்ளைப் புகையும் வந்தால் அது இ.ஜி.ஆர். கூலர் (திரும்ப விடும் புகையைக் கூலன்ட் கொண்டு குளிர வைக்கும் பாகம்) ஓட்டையாக இருக்கலாம். பிரஷர் டெஸ்ட் செய்யாமல் வால்வில் கை வைக்க வேண்டாம்.

கரியை நீக்கும் என்று டீசல் டேங்கில் ஊற்றும் பாட்டில்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டேங்கில் ஊற்றியது இன்ஜினில் எரிந்துவிடுகிறது, வால்வுக்கு அது போய்ச் சேர்வதில்லை. ஓடும் இன்ஜினின் காற்றுக் குழாயில் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பது ஆபத்து. தீப்பிடிக்கும் எதை உள்ளே விட்டாலும் டீசல் இன்ஜின் அதையும் எரித்து வேகமெடுக்கும்.

வீட்டிலிருந்து நாலு ரோடு, அங்கிருந்து பள்ளி, திரும்ப வீடு என்று நாலைந்து கிலோமீட்டருக்குள் ஓடும் வண்டியில்தான் கரி சீக்கிரம் பிடிக்கும், இன்ஜின் முழுச் சூட்டுக்கே வருவதில்லை. வாரம் ஒருமுறை ஓமலூர் தாண்டித் தொப்பூர் வரையோ, சங்ககிரி வரையோ ஓட்டிவிட்டு வந்தால் கரி சேரும் வேகம் குறையும். ஏற்கெனவே இறுகிய கரியை எந்த ஓட்டமும் கரைக்காது.

பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து இ.ஜி.ஆர். குழாய் சேரும் இடத்தில் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ்கெட் ஓரத்தில் தகடு பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தால் பிளேட் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைக் கழற்றி, வால்வைக் கழுவி, பழையபடி ஆக்கும் செலவைச் சொல்லி விலையில் குறைத்துக் கேளுங்கள்.