சுற்றிப் பார்க்கப் போவது மொரிசியஸா, ரீயூனியனா?

இந்தியப் பெருங்கடலில் அக்கம்பக்கத்துத் தீவுகள். இரண்டிலும் பிரெஞ்சுக்காரர்கள் தோட்டம் போட்டு, ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1810இல் ஆங்கிலேயர் இரண்டையும் பிடித்தார்கள். ரீயூனியனை மட்டும் சில ஆண்டுகளில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பாதை பிரிந்தது அங்கேதான்.

மொரிசியஸில் 1835இல் அடிமைமுறை ஒழிந்தது. அப்புறம் கப்பல் கப்பலாக இந்தியத் தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். தலைநகர் போர்ட் லூயியில் 'ஆப்ரவாசி காட்' என்ற இறங்குதுறையில் அவர்கள் ஏறிய கற்படிகள் இன்றும் இருக்கின்றன. 1968இல் நாடு விடுதலை பெற்றது. இன்று தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து, பள்ளியில் தமிழ்ப் பாடம்.

ரீயூனியன் பிரான்ஸோடு ஒட்டிக்கொண்டது. 1946 முதல் அதன் மாவட்டங்களில் ஒன்று. அடிமைகள் விடுதலையான 1848 டிசம்பர் 20ஐ ஆண்டுதோறும் விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறார்கள். தமிழ் வம்சாவளியினருக்கு அங்கே 'மல்பார்' என்று பெயர். வீட்டில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி, பள்ளியில் பிரெஞ்சு. தமிழ்ப் பேச்சு ஏறக்குறைய அற்றுப்போனது. ஆனால் தீமிதி நிற்கவில்லை. ஞாயிறன்று தேவாலயம் போகும் சிலரே கோயிலுக்கும் விரதம் இருப்பார்கள்.

பல மொழிகளும் மதங்களும் தத்தம் அடையாளத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வாழ்வதைப் பார்க்க மொரிசியஸ் போங்கள். அவை ஒன்றோடொன்று கலந்ததைப் பார்க்க ரீயூனியன். ஒன்றுதான் முடியும் என்றால் நான் ரீயூனியனைத்தான் சொல்வேன்: மொழி போன பிறகும் நம்பிக்கை எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.