பிபிஏ ஏவியேஷன் என்று பணம் வாங்கி என் மகளைத் தொலைநிலைக் கல்வியில் சேர்த்துவிட்டார்கள்

கரூரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் உள்ள கல்யாண மண்டபத்து வாசலில் போன வாரம் மறுபடியும் அதே பிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். விமானம், கோட்டு போட்ட பெண், "பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இலவச ஆலோசனை". 2024 மே மாதம் இதே பிளக்ஸைப் பார்த்துத்தான் நானும் என் மனைவியும் மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனோம். நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், பிள்ளைகளை பிபிஏ சேர்க்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் மகள் அரசுப் பள்ளியில் காமர்ஸ் குரூப் படித்தவள். கணக்குப் பதிவியல் நன்றாக வரும், ஆனால் அவளுக்கு ஆபீஸ் நிர்வாகம், வியாபாரம் பக்கம்தான் ஆசை, அதனால் பிபிஏ என்று அவளே முடிவு செய்திருந்தாள். அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணையதளத்தில் 48 ரூபாய் விண்ணப்பக் கட்டணம், 2 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டி விண்ணப்பமும் போட்டுவிட்டோம். அங்கேயே நின்றிருக்கலாம்.

மண்டபத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பேசினார். மேஜை மேல் ஒரு அடி நீள விமானப் பொம்மை, பக்கத்தில் லேப்டாப். "அண்ணா, சும்மா பிபிஏ முடிச்சா வேலை கிடைக்காதுங்க, ஏவியேஷனோட சேர்த்துப் படிச்சா மூணாவது வருஷமே ஏர்போர்ட்ல இருப்பாங்க. கோயம்புத்தூர் கேம்பஸ்ல ரெண்டே சீட்தான் இருக்குங்க, இன்னைக்கு டோக்கன் போட்டாத்தான் நிக்கும்" என்றார். நான் கேட்ட ஒரே கேள்வி, "யுனிவர்சிட்டி டிகிரிதானுங்களே?" என்பது. "யுஜிசி அங்கீகாரம் உள்ள டிகிரிங்கண்ணா" என்று சொல்லி ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட அட்டையைக் காட்டினார். அது வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகம் உண்மையானதுதான், பல்கலைக்கழகங்களைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான யுஜிசியின் அங்கீகாரமும் உண்மைதான், அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நேரில் போய்ப் படிக்கிற படிப்பா, தொலைநிலைப் படிப்பா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தினமும் கிளாஸ் உண்டு, யூனிபார்ம் உண்டு என்று சொல்லும்போது யாருக்குத் தோன்றும்?

அன்றைக்கு 5,000 டோக்கன். ஜூனில் முதல் செமஸ்டருக்கு 45,000, ஏவியேஷன் டிரெயினிங் என்று 35,000, கோட்டு ஷூ யூனிபார்முக்கு 8,000. மொத்தம் 93,000. என் மனைவி மூன்று வருடமாகக் கட்டி வந்த சீட்டைத் தள்ளி எடுத்த பணம் அது. அப்புறம் "வெரிபிகேஷனுக்கு" என்று பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், டிசி, சாதிச் சான்றிதழ் மூன்றையும் ஒரிஜினலாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதே மாதம் அரசுக் கல்லூரி கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தது, நாங்கள் போகவில்லை. இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது.

"கேம்பஸ்" என்றது ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடி. பிளைவுட் தட்டி வைத்துப் பிரித்த நாலு அறை. பக்கத்து அறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துவது இந்த அறையில் கேட்கும் என்று மகள் சொன்னாள். முதல் ஒரு மாதம் மேக்கப் போடுவது, எப்படி நிற்பது, பயணிகளிடம் எப்படிப் பேசுவது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். மேலாண்மைக் கொள்கை, பொருளாதாரம், கணக்குப் பதிவியல் எதற்கும் ஆசிரியர் வரவில்லை. கேட்டால், "புக் வரும், அதுல படிச்சுக்கலாம்."

விஷயம் வெளியே வந்தது ஆகஸ்டில். அவளோடு பள்ளியில் படித்த தோழி ஊரிலேயே பிகாம் சேர்ந்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விவரம் வாங்குகிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022லிருந்து கொடுக்கிற பணம். என் மகளுக்கும் அந்தத் தகுதி உண்டு. இவள் போய்க் கேட்டதற்கு "பார்க்கலாம்" என்றிருக்கிறார்கள். அதே வாரம், "போனுக்கு ஓடிபி வரும், டிஇபி ஐடி போடணும், சொல்லு" என்று கேட்டிருக்கிறார்கள். ஓடிபியைச் சொல்லிவிட்டு வந்தவள் ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து டிஇபி என்றால் என்னவென்று தேடியிருக்கிறாள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பணியகம். தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேருகிறவர்கள் மட்டும் எடுக்க வேண்டிய எண் அது, 2024இல்தான் கட்டாயமாக்கியிருந்தார்கள். புதுமைப் பெண் பணம் தொலைநிலையில் படிப்பவர்களுக்குக் கிடையாது. இரவு 11 மணிக்கு எனக்குப் போன் செய்து, "அப்பா, நான் காலேஜ்லயே சேரலப்பா" என்றாள்.

மறுநாள் காலையில் ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லா ரசீதிலும் மேலே இருப்பது ஏதோ ஒரு கல்வி அறக்கட்டளையின் பெயர். பல்கலைக்கழகத்தின் பெயர் எங்கேயும் இல்லை, படிப்பின் பெயரும் இல்லை. "அட்வான்ஸ்", "டிரெயினிங்" என்று மட்டும் எழுதி, கீழே ஊதா மையில் "எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ரப்பர் ஸ்டாம்ப். அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அதே தொலைநிலை பிபிஏவுக்கு வருடக் கட்டணம் 18,000 என்று போட்டிருந்தது. அந்தப் பட்டத்தில் ஏவியேஷன் என்ற சொல்லே கிடையாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், தொலைநிலைப் படிப்பை நான் குறை சொல்லவில்லை. யுஜிசி அனுமதி உள்ள தொலைநிலைப் பட்டம் செல்லும். வேலைக்குப் போய்க்கொண்டே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ பிபிஏ படிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைத் தெரிந்து சேர்வது வேறு. கல்லூரி என்று சொல்லி, ஐந்து மடங்கு பணம் வாங்கி, ஒரு பெண்ணின் மூன்று வருடத்தை மூடி மறைத்து எடுத்துக்கொள்வது வேறு.

நேரில் போய்க் கேட்டேன். மண்டபத்தில் பேசிய பெண் வேலையை விட்டுவிட்டாராம். மேனேஜர் என்று ஒருவர் வந்தார். பிபிஏ நடத்தும் கல்லூரிகள் 2024-25லிருந்து தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் அனுமதி வாங்க வேண்டும் என்று அதற்குள் படித்து வைத்திருந்தேன், அந்த ஆணையைக் காட்டுங்கள் என்றேன். "நாங்க காலேஜ் இல்லைங்க சார், டிரெயினிங் சென்டர், எங்களுக்கு அது பொருந்தாது" என்றார். மண்டபத்தில் கேம்பஸ், சீட் என்று பேசியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டதும் டிரெயினிங் சென்டர் ஆகிவிட்டார்கள். கல்லூரியாக இருந்திருந்தால் யுஜிசி விதிப்படி அந்த ஆண்டு செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வந்திருக்கும். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று 2018லேயே யுஜிசி அறிவித்திருக்கிறது. அதற்கும் அவர் சொன்ன பதில், "மூணு வருஷ பேலன்ஸ் கட்டிட்டு சர்டிபிகேட்ட வாங்கிக்கோங்க."

ஊருக்குத் திரும்பியதும் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பிபிஏவில் இடம் காலி என்று கேள்விப்பட்டு ஓடினோம். முதல்வர் நல்ல மனிதர், பேசினார், ஆனால் ஒரிஜினல் டிசி இல்லாமல் சேர்க்க வழியில்லை என்றுவிட்டார். கடைசியில் கோவையில் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினேன். எஸ்ஐ ஒரு போன் போட்டார், இரண்டே நாளில் சான்றிதழ்கள் கைக்கு வந்துவிட்டன. அதற்குள் அந்த இடமும் நிரம்பிவிட்டது. ஒரு வருடம் போச்சு.

பணத்துக்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், பல்கலைக்கழகத்துக்கும் எல்லா ரசீதையும் இணைத்து மெயில் போட்டேன். பல்கலைக்கழகத்திலிருந்து இவர்களிடம் விளக்கம் கேட்ட பிறகுதான் 40,000 திரும்பி வந்தது. மீதி 53,000க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, நீங்களே போடலாம். ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், நோட்டீஸ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். மண்டபத்தில் கொடுத்த நோட்டீஸில் "ரெகுலர் டிகிரி" என்று அச்சடித்திருந்ததுதான் இன்று எங்கள் மனுவில் முதல் ஆவணம்.

பிள்ளையை பிபிஏ சேர்க்கப் போகிறீர்கள் என்றால் எந்தக் கல்லூரி வழியாக, எந்தப் பல்கலைக்கழகம், எந்த முறையில் பட்டம் தருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிப் பட்டியலில் கல்லூரியும் பிபிஏவும் இருக்கிறதா, ஏஐசிடிஇ இணையதளத்தில் வருகிறதா என்று பாருங்கள், அரை மணி நேர வேலை. லாஜிஸ்டிக்ஸ், ஏவியேஷன், ஹாஸ்பிடல் என்று பின்னால் ஒட்டியிருந்தால் அது பட்டச் சான்றிதழில் வருமா, தனிச் சான்றிதழா என்று கேளுங்கள். ரசீதில் கல்லூரியின் பெயர் இல்லையென்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒரிஜினலைக் காட்டலாம், விட்டுவிட்டு வராதீர்கள்.

என் மகள் இந்த வருடம் மறுபடியும் 50 ரூபாய் கட்டி அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள், பிபிஏதான். பிளக்ஸில் போட்டிருக்கிற தேதி வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி. எங்கள் ரசீதுகளை 50 செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், 9 மணிக்கே மண்டபத்துக்கு எதிரில் உள்ள டீக்கடையில் இருப்பேன்.