இன்சூரன்ஸ் கிளெய்ம் பாத்துத் தர்றோம்னு வர்ற ஏஜென்சிககிட்ட உஷாரா இருங்க

மதுரை, மேலூர், உசிலம்பட்டி பக்கம் சின்ன நர்சிங் ஹோம் வச்சிருக்கவங்க, அங்க பில்லிங் பாக்குறவங்க எல்லாரும் இத கொஞ்சம் படிச்சிருங்க. திருமங்கலத்துல எங்க அக்கா நடத்துற ஆஸ்பத்திரிக்கு கணக்கு வழக்கு நான்தான் பாக்குறேன். போன வருசம் ஒரு ஏஜென்சிக்காரன் வந்து, "ப்ரீ ஆத்துல (சிகிச்சைக்கு முன்னாடி வாங்குற இன்சூரன்ஸ் அனுமதி) இருந்து பேங்க்ல பணம் விழுகுற வரைக்கும் எல்லாம் ஆன்லைன்ல நாங்களே பாத்துக்குவோம் சார், நீங்க டிஸ்சார்ஜ் சம்மரிய மட்டும் அனுப்புங்க"ன்னு தேனொழுகப் பேசுனான். வேலைய ஆரம்பிச்ச கையோட டிபிஏ (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்ம் பாக்குற நிறுவனம்) போர்ட்டல் லாகின், குவெரி (அவங்க கேக்குற கேள்வி) வர்ற மெயில் ஐடி எல்லாத்தையும் அவன் பக்கம் மாத்திக்கிட்டான். கமிஷன் 4 சதவீதம், அதுவும் வந்த பணத்துக்கு இல்ல, அனுப்புன பில்லுக்கு. ஃபைல தள்ளி விட்டாலே அவனுக்கு காசு, அது பாஸ் ஆனா என்ன ஆகாட்டி என்ன.

மாசாமாசம் எக்செல் ஷீட் மட்டும் டாண்ணு வந்துரும், செட்டில்டு எல்லாம் பச்சை, அண்டர் பிராசஸ் எல்லாம் மஞ்சள். ஆடிட்டர் 26ஏஎஸ் (நம்ம பான்ல ஏறுன வரிப்பிடித்தக் கணக்கு) எடுத்தப்பதான் குட்டு உடைஞ்சது. டிபிஏ நமக்கு பணம் போடும்போது 10 சதவீதம் டிடிஎஸ் வரி பிடிச்சுட்டுத்தான் போடுவாங்க, அது நம்ம பான்ல ஏறும்ல, ஷீட்ல இருந்த பச்சைல பாதிக்கு மேல அங்க காணவே காணோம், பேங்க்லயும் இல்ல. பேங்க்ல பணம் போட்டதுக்கான யுடிஆர் நம்பர் குடுப்பான்னா "ஈவ்னிங் அனுப்புறேன் சார்"தான், எந்த ஈவ்னிங்னு ஆண்டவனுக்கே வெளிச்சம்.

சரின்னு டிபிஏவுக்கு நேரா போன் போட்டேன். பித்தப்பை கல் ஆபரேஷன் பண்ணுன ஒரு அம்மாவோட கிளெய்ம், ஓடி நோட்ஸும் (ஆபரேஷன் குறிப்பு) பயாப்சி ரிப்போர்ட்டும் கேட்டு குவெரி போட்டோம், ரிமைண்டரும் போட்டோம், பதிலே இல்ல, குளோஸ் பண்ணிட்டோம்ங்கிறாங்க. அந்த ரெண்டு பேப்பரும் எங்க ரெக்கார்ட் ரூம்ல கேஸ் ஷீட்டோட நூல் போட்டுக் கட்டி அப்பிடியே கெடக்கு! ஒரு வார்த்தை கேட்டிருந்தா டீ குடிக்கிற நேரத்துல ஸ்கேன் பண்ணி விட்டிருப்போம்.

இன்னொரு கூத்து. டிஸ்சார்ஜ் ரெக்வஸ்ட் போனா 3 மணி நேரத்துல இன்சூரன்ஸ் கம்பெனி ஃபைனல் அப்ரூவல் குடுக்கணும்னு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024லயே சொல்லிருச்சு. ஆனா காலைல நாம அனுப்புற பில்ல இவன் சாயங்காலம் அப்லோடு பண்ணுனா அந்த 3 மணி நேரம் எப்ப ஆரம்பிக்கும்? பேஷண்ட் வீட்டு ஆளுக வந்து சத்தம் போடுறது நம்ம கவுண்டர்லதான், இன்சூரன்ஸ்காரன திட்டி திட்டி எங்களுக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்.

நிப்பாட்டுறோம்னதும், பாக்கி கமிஷன வச்சாத்தான் பாஸ்வேர்டுன்னான். லெட்டர்ஹெட்ல சீல் வச்சு ஒவ்வொரு டிபிஏவுக்கும் எழுதி மெயில் ஐடிய மாத்தி வாங்குனோம். கொஞ்சம் ஃபைல ரீஓப்பன் பண்ணிக் குடுத்தாங்க, மத்ததுக்கு டைம் முடிஞ்சு போச்சுன்னுட்டாங்க.

ஏஜென்சி வச்சே ஆகணும்னா ஓடிபி வர்ற நம்பரும் மெயிலும் ஆஸ்பத்திரி பேர்ல இருக்கட்டும், கமிஷன் பேங்க்ல விழுந்த தொகைக்கு மட்டும்னு எழுதி வாங்குங்க. இந்த ஆளு இப்ப வேற பேர்ல கார்டு அடிச்சு மேலூர் பக்கம் சுத்துறதா கேள்வி. பச்சை மஞ்சள் எக்செல் ஷீட்ட நீட்டுனான்னா அவனேதான்.