கிவிக்ஸ்: டேட்டா தீர்ந்த பிறகும் திறக்கும் விக்கிப்பீடியா

விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாகத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகு இணையமே இல்லாமல் படிக்க உதவும் இலவசச் செயலி கிவிக்ஸ். 2007-இல் தொடங்கப்பட்ட இந்தக் கட்டற்ற மென்பொருள் ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், லினக்ஸ் என எல்லாவற்றிலும் இயங்குகிறது. மாலை நேரப் படிப்பு மையங்களில் இதனால் பயன் உண்டா என்று யோசிக்கும் ஆசிரியர்களையும் தன்னார்வலர்களையும் மனத்தில் கொண்டே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இணையத்தை ஏழைகளிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற விவாதம் நம் நாட்டில் சூடுபிடித்திருந்த ஆண்டு 2016. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தர முன்வந்த ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டம், தளத்துக்குத் தளம் வெவ்வேறு கட்டணம் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பிப்ரவரி 8 அன்று பிறப்பித்த ஆணையால் நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை மலிவாக்கியது. ஆனால் பல வீடுகளில் அந்த மலிவான டேட்டா இருப்பது ஒரே ஒரு போனில்தான். வேலைக்குப் போகிறவரோடு பகலெல்லாம் வெளியே இருக்கும் அந்தப் போன் இரவில் வீடு திரும்பும்போது, அன்றைய அளவில் பெரும்பகுதி ரீல்ஸிலும் யூடியூபிலும் கரைந்திருக்கும். மீதியை வைத்துப் பிள்ளை ஏதாவது தேடினாலும், தேடியதைவிடத் திரை எடுத்து நீட்டுவதே அதிகம். கிவிக்ஸில் பரிந்துரையும் இல்லை, அறிவிப்பும் இல்லை, விளம்பரமும் இல்லை. தேடிய கட்டுரையும் அதிலிருந்து பிரியும் இணைப்புகளும் மட்டுமே உண்டு.

நான் மிகவும் மதிக்கும் வசதி வேறொன்று. ஆசிரியரின் போனில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, கிவிக்ஸில் உள்ள கோப்பைப் பகிரும் வசதியையும் தொடங்கினால், செயலி ஒரு முகவரியைக் காட்டும். அருகிலுள்ள மற்ற போன்களில் எந்தச் செயலியும் நிறுவாமல், உலாவியில் அந்த முகவரியைத் தட்டச்சு செய்தாலே விக்கிப்பீடியா திறந்துவிடும். இதற்கு ரீசார்ஜ் செய்த சிம் கூடத் தேவையில்லை. கணினிப் பதிப்பிலும் இந்த வசதி இருப்பதால், 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்து, இன்று பரணில் கிடக்கும் பழைய கணினிகள் இயங்கும் நிலையில் இருந்தால், அவற்றையும் ஒரு மையத்தின் நூலகமாக்கலாம்.

கோப்பு கைக்கு வந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளைகள் படித்துவிடப் போவதில்லை. ‘ஒளிச்சேர்க்கை’ என்று தேடி, வரும் பத்தியை நோட்டில் எழுதிக்கொள்வது பாடநூலை இரண்டாம் முறை நகலெடுப்பதுதான். இதற்கு நேர்மாறாக, தமிழ் விக்கிப்பீடியாவில் நம் ஊராட்சிகளுக்கென்று ஆயிரக்கணக்கான சிறு கட்டுரைகள் உள்ளன. அரசுத் தரவுகளைக் கொண்டு தானியங்கியால் உருவாக்கப்பட்டவை ஆதலால் படிக்கச் சுவையற்றவை. மக்கள்தொகை, சிற்றூர்களின் பெயர்கள், குடிநீர் இணைப்புகள், கைக்குழாய்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள், ஊருணிகள் அல்லது குளங்கள் என்று வெறும் எண்களாக நீளும். வகுப்பறைக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தங்கள் ஊராட்சியின் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, அதில் உள்ள கைக்குழாய்களில் எத்தனை இன்று தண்ணீர் தருகின்றன என்று எண்ணிவரச் சொல்லுங்கள். மக்கள்தொகை 2011 கணக்கெடுப்புக்கு உரியது. அப்படியானால் இன்று எவ்வளவு இருக்கும் என்பது அசல் கணக்கு. விடுபட்ட குளம் எது, தூர்ந்துபோனது எப்போது என்று பாட்டியிடம் கேட்டுவந்து எழுதினால் அது வரலாற்றுப் பாடம்.

குறை எனக்குத் தெரிவதும் இதே இடத்தில்தான். பிள்ளைகள் கண்டுபிடித்த திருத்தத்தைக் கிவிக்ஸில் பதிய முடியாது. அது உறைந்த பிரதி. திருத்தத்தை இணையம் உள்ள ஒருவர் விக்கிப்பீடியாவில் சேர்த்து, அடுத்த கோப்பு வெளிவந்த பின், மாறிய பகுதியை மட்டும் பெற வழியில்லாமல் முழுக் கோப்பையும் மறுபடி தரவிறக்க வேண்டும். சமூக ஊடகத்தில் ஒரு கேள்வியைப் போட்டால் யாராவது பதில் சொல்வார்கள். இங்கே கேள்வியை நெறிப்படுத்த ஆசிரியர் உடனிருந்தாக வேண்டும். 2003-இல் தொடங்கித் தன்னார்வலர்களால் வளர்ந்த தமிழ் விக்கிப்பீடியா ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டியிருந்தாலும், மேல்நிலை வகுப்பு இயற்பியலுக்கோ கணக்குப்பதிவியலுக்கோ அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நிறுவுவதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஆண்ட்ராய்டின் சேமிப்பக விதிகளால், மெமரி கார்டில் நகலெடுத்து வைத்த கோப்பைத் திறக்க, பிளே ஸ்டோர் பதிப்பைவிடக் கிவிக்ஸின் சொந்தத் தளத்தில் கிடைக்கும் பதிப்பே தொந்தரவு தராதது. படங்களுடன் கூடிய ஆங்கில விக்கிப்பீடியா ஏறத்தாழ 100 ஜிபி இருக்கும். பழைய முறையில் ஃபார்மேட் செய்த கார்டுகள் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்பதில்லை என்பதால், பெரிய கோப்புகளை ஏற்கும் முறைக்கு அவற்றை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழ்க் கோப்பு இதைவிட மிகச் சிறியது. படங்கள் நீக்கிய பதிப்பு ஒன்றும் உண்டு. ஆனால் பறவையையும் பூவையும் பார்க்க விரும்பும் நடுநிலை வகுப்புகளுக்குப் படங்களுள்ள பதிப்பையே வாங்கி, கூடவே விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான அகராதி, தமிழ் விக்சனரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.