ஏழு மாரி கண்ட துணிக்கூரை மொறிஸ் மைனர்

பெரியப்பாவின் மொறிஸ் மைனர் 2018 ஆவணியில் என் கைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டுக் கார், 948 சிசி எஞ்சின், இரண்டு கதவு, மடிக்கிற துணிக்கூரை. தொண்ணூறுகளில் பெற்றோல் கிடையாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. பிறகு நெடுங்காலம் மாட்டுக்கொட்டில் மூலையில் கோழிகளோடு கிடந்தது. யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரினும் மொறிசும் ஒரு புதினமில்லை. ஆனால் கூரை மடிக்கிற மைனரைக் கண்டால் இன்றைக்கும் சந்தியில் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "மழைக்கு என்ன செய்யிறனீங்கள்?"

முதல் இரண்டு மாதம் அந்தக் கேள்வி எனக்கு வேடிக்கையாக இருந்தது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் இந்தக் காருக்குள் வருவது புழுதி மட்டும்தான். ஐப்பசி நடுவில் பருத்தித்துறையிலிருந்து திரும்பும்போது வல்லைவெளியில் மழை பிடித்தது. ஒதுங்க ஒரு மரம் இல்லாத இடம். முன்கண்ணாடிக்கு மேலே கூரை வந்து பொருந்தும் சட்டத்தில் ஒரு துளி திரண்டது, தயங்கியது, என் இடது முழங்காலில் விழுந்தது. கோண்டாவிலில் வீட்டுக்கு வந்து சேரும்போது காலுறை பிழிய வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் காருக்குள் நனைந்த சாக்கு மணம். அடுத்த கிழமை சீற் தையல் நெடுகப் பூஞ்சணம்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் பிழை. கடையில் சிலிக்கன் பசை வாங்கி, சந்தேகப்பட்ட இடமெல்லாம் அப்பினேன். ஒழுக்கு குறைந்தது போல இருந்தது, மணம் மட்டும் கூடியது. பிறகு நீலப் படங்கு ஒன்றை வாங்கிக் காரை முழுவதுமாக மூடிக் கட்டினேன். பத்து நாள் கழித்து அவிழ்த்தால், மழையில் விட்டிருந்தாலும் இவ்வளவு நனைந்திராது. நிலத்து ஈரமும் காருக்குள் இருந்த ஈரமும் பகல் வெயிலில் ஆவியாகி, இரவில் படங்கின் உட்புறத்தில் குளிர்ந்து, துளி துளியாகத் திரும்பக் கூரையிலேயே விழுந்திருக்கிறது. காற்று ஓடாத மூடி எதுவும் இந்தக் காருக்கு ஆகாது. இப்போது கிடுகு வேய்ந்த கொட்டில்தான், பக்கச்சுவர் இல்லாமல்.

சரி, ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் கதைக்கு வருகிறேன். தண்ணீர் சொட்டுகிற இடமும் அது நுழைந்த இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். சட்டத்தின் நடுவில் விழும் துளி மூலையில் நுழைந்து, துணியின் உட்புறமாக ஊர்ந்து வந்திருக்கும். குழாயைப் பீய்ச்சி அடித்தால் எல்லா இடமும்தான் ஒழுகும், ஒன்றும் விளங்காது. பூவாளிதான் நல்லது. கீழிருந்து தொடங்க வேண்டும்: முதலில் கதவின் அடி, பிறகு கண்ணாடி றப்பர், கடைசியில்தான் கூரை. மேலே ஊற்றினால் தண்ணீர் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு இறங்கும். எது குற்றவாளி என்று பிடிக்க முடியாது. ஒருவர் ஊற்ற, ஒருவர் உள்ளே ரோச் லைட்டோடு இருக்க வேண்டும். நான் தங்கச்சியின் முகப்பவுடரை றப்பர் ஓரங்களில் உள்ளிருந்து தூவி வைத்தேன். தண்ணீர் கடந்த இடத்தில் பவுடர் நனைந்து ஒரு கோடு விழும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஓட்டை அகப்படும். பவுடர் ரின்னுக்கு என்ன நடந்தது என்பதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஊற்றுவதற்கு மழைத்தண்ணீர் பிடித்து வைத்தேன். எங்கள் கிணறு சுண்ணாம்புக் கல்லில் வெட்டியது. அந்தத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியிலும் பெயின்ரிலும் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

கதவு றப்பருக்கு இன்னும் இலேசான சோதனை உண்டு. பேப்பர் துண்டொன்றை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்ப்பது. இறுக்கமாக வந்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் றப்பர் அமுங்கிப் போயிற்று.

மூன்று இடம் அகப்பட்டது: முன்சட்டத்தின் இடது மூலை, முன்கண்ணாடி றப்பரின் கீழ் மூலை, கூரையின் பின்தையல். மூன்றையும் திருத்திய பிறகும் சாரதி பக்கத்துத் தரை நனைந்தது. மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. மைனரில் கிளச், பிறேக் மிதிகள் தரையைத் துளைத்துக்கொண்டு நிற்பவை. பிறேக் சிலிண்டரும் தரைக்குக் கீழேதான். வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் போனால் ரயர் அடிக்கும் தண்ணீர் அந்த ஓட்டைகளால் மேலே ஏறும். மிதிகளைச் சுற்றிப் பழைய ரியூப் றப்பரை வெட்டிப் போட்டேன். செலவு ஒன்றுமில்லை, பலனோ மற்ற எல்லாவற்றையும்விடக் கூட.

இதற்கிடையில் பிறேக் பிடிக்கும்போதெல்லாம் கதவடியில் 'களக் களக்' என்று ஒரு சத்தம். கொக்குவிலில் வெல்டிங் செய்யும் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் குந்தியிருந்து, திருப்புளிப் பிடியால் கதவுக்குக் கீழே தட்டிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் சத்தம் மாறியது. கை நின்றது.

"தம்பி, தண்ணி வராமல் இருக்க இவ்வளவு பாடுபட்டிருக்கிறீர். வந்த தண்ணி போறதுக்கு வழி வைச்சிருக்கிறீரோ?"

கதவின் அடி விளிம்பில் வடிகால் துளைகள் உண்டு. கண்ணாடியோடு கதவுக்குள் இறங்கும் தண்ணீர் அவற்றால் வெளியேற வேண்டும். அதில் பாதியைப் புழுதி அடைத்திருந்தது, மீதியை என் சிலிக்கன். தரையில் இருக்கும் வடிகால் மூடிகளையும் பசை போட்டு ஒட்டியிருந்தேன். கதவுக்குக் கீழே நெடுக ஓடும் உள்ளே வெறுமையான தகட்டுப் பெட்டிதான் கதவடிப் பெட்டி. ஐயா அதில் ஒரு அடைப்பை நோண்டி எடுத்தார். தேயிலைச் சாயம் போல ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியது, பின்னாலேயே கறள் துகள். தகட்டுக் கூரையுள்ள காரில் பாரத்தில் ஒரு பங்கைக் கூரை தாங்கும். துணிக்கூரைக் காரில் அந்தப் பங்கும் தரைக்கும் கதவடிப் பெட்டிக்கும் வருகிறது. அதனால்தான் இந்த மொடலுக்கு அங்கே மேலதிகத் தகடு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த இடம் கறள் தின்றால் கார் நடுவில் தொய்யும், கதவு சாத்தாது. என் இடது கதவு ஏன் ஒரு வருடமாகத் தூக்கிச் சாத்த வேண்டியிருந்தது என்பதற்கு விடை அங்கேதான் கிடந்தது. வெட்டி ஒட்ட இரண்டு கிழமை. ஒட்டிய பிறகு உள்ளே பழைய எஞ்சின் ஒயிலும் கிறீசும் சூடாக்கி விட்டார், துளைகளைத் திறந்தே விட்டார்.

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தபோது கார் கொட்டிலில்தான் நின்றது. சாரல் இரண்டு பக்கத்தாலும் அடித்தது. விடிய எழும்பிப் போய்ப் பார்த்தேன். உள்ளே ஈரம்தான். ஆனால் கதவடியில் நாலு இடத்தில் நூல் போலத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு தேத்தண்ணீர் குடித்தேன். வெயில் எறித்து இரண்டாம் நாள் தரை காய்ந்துவிட்டது.

கூரைத் துணி பற்றிக் கேட்பவர்களுக்கு: முதலில் ரெக்சினில் தைப்பித்தேன், மலிவு. எங்கள் வெயிலுக்கு இரண்டு வருடத்தில் மடிப்பில் வெடித்தது. அடுத்தது இரண்டு துணிக்கு நடுவே றப்பர் வைத்த கன்வஸ், கொழும்பிலிருந்து எடுத்தது. நல்ல விலை, ஆனால் நாலு வருடமாக நிற்கிறது. தைப்பவரிடம் பருத்தி நூல் வேண்டாம், பொலியெஸ்டர் நூல் என்று சொல்லிவிடுங்கள். தையலில் மெழுகுதிரியைத் தேய்த்து, வெயிலில் உருக விட்டால் ஊசித் துளை அடையும். ஈரமாக இருக்கும்போது கூரையை மடிக்கவே கூடாது. நான் ஒருமுறை மடித்து மூன்று நாள் விட்டேன். மடிப்புக் கோடுகளில் வந்த கருப்புப் புள்ளி வினாகிரிக்கும் போகவில்லை.

தரையில் இருந்த காற்பெற்றையும் அதன் கீழ் இருந்த கம்பளியையும் கழற்றி எறிந்துவிட்டுத் தும்புத் தடுக்குப் போட்டிருக்கிறேன். தூக்கி வேலியில் போட்டால் மத்தியானத்துக்குள் காயும். சீற்றுக்குக் கீழே ஒரு சிரட்டை கரி, மணத்துக்கு. பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தைக் கழுவுவேன். உப்புக் காற்றுக்கு மறுநாள் என்ற கணக்குக் கிடையாது.

முன்சட்டத்து இடது மூலை மட்டும் கனமழைக்கு இன்னும் ஒரு துளி விடும். மூன்று றப்பர் மாற்றிப் பார்த்தாயிற்று. சட்டமே கொஞ்சம் முறுகியிருக்கிறது என்கிறார் ஐயா. அந்தப் பக்கம் இருப்பது வழக்கமாக அம்மா. ஐப்பசி பிறந்தால் மடியில் ஒரு துவாயோடுதான் ஏறுவார்.